தொலைவில் கணிப்பொறி, எதிரில் திரை

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல்)

முன்னுரை

"தம்பி, அந்த எண்ணை நான் எவரிடமும் சொல்லவில்லையே! கைப்பேசி என் கையிலேதானே இருந்தது? பின் எப்படிப் பணம் போயிற்று?"

சென்ற கோடை விடுமுறையில், எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. மின்கட்டணம் நிலுவையில் உள்ளது, இன்றிரவே இணைப்பைத் துண்டித்து விடுவோம் என்று யாரோ ஒருவன் தொலைபேசியில் அச்சுறுத்தியிருக்கிறான். ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொன்னான். திரையில் தோன்றிய ஒன்பது இலக்க எண்ணைப் படிக்கச் சொன்னான். பின்னர் வெறும் பத்து ரூபாயைக் கட்டினால் போதும் என்றான். ஐயா கட்டினார். கால் மணி நேரத்தில் அவருடைய சேமிப்பில் நாற்பதாயிரம் ரூபாய் மறைந்தது.

எனக்கு அக, இ முதலிய எழுத்துகளைக் கற்றுக் கொடுத்தவர் அவர். "நீ கணிப்பொறி படிக்கிறாயே, சொல்லு" என்று அவர் கேட்டபோது என்னால் உடனே தெளிவாக விடை கூற இயலவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. ஒரு கணிப்பொறியின் திரையை வேறோர் இடத்திலிருந்து காண்பதும், அதனை இயக்குவதும் எவ்வாறு இயலுகின்றன? இதனால் விளையும் நன்மை யாது? காக்க வேண்டிய எல்லை யாது? இவற்றை முறையாகக் காண்போம்.

தோற்றமும் வளர்ச்சியும்

தொலைவிலுள்ள பொறியை இயக்க வேண்டும் என்ற ஆசை இணையத்தைவிட மூத்தது. 1940ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், அமெரிக்காவின் ஹானோவர் நகரிலுள்ள டாட்மவுத் கல்லூரியில் கணித அறிஞர்களின் கூட்டம் ஒன்று நடைபெற்றது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்பார் அங்கே ஒரு தட்டச்சுத் தந்திப் பொறியை வைத்தார். கலப்பெண் கணக்குகளை அதில் தட்டச்சு செய்தால், அவை தொலைபேசிக் கம்பி வழியே நியூயார்க் நகரிலிருந்த கணக்கிடும் பொறிக்குச் சென்றன. விடை அதே கம்பி வழியே திரும்பி வந்து தாளில் பதிந்தது. பொறி ஓரிடத்தில், பயன்படுத்துவோர் வேறிடத்தில் என்ற அமைப்புக்கு இதுவே முதற்சான்று எனலாம்.

அடுத்த பெரும் அடி 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் எடுத்து வைக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்ற அறிஞர் ஓர் அரங்கில் அமர்ந்து, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் மென்லோ பார்க் என்னுமிடத்திலிருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தின் கணிப்பொறியை இயக்கிக் காட்டினார். இன்று நம் கைக்குப் பழகிப்போன மவுஸ் என்னும் சுட்டியைப் பொதுமக்கள் முதன்முதலில் கண்டது அன்றுதான். அங்கிருந்த அவருடைய துணைவர் ஒருவரும் இங்கிருந்த அவரும் ஒரே எழுத்துப் பக்கத்தை ஒரே நேரத்தில் பார்த்துப் பேசினர். திரையைப் பகிர்ந்துகொள்ளுதல் என இன்று நாம் கூறுவது, அன்றே மேடையேறிவிட்டது.

1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இரவு, இணையத்தின் தாயாகிய அர்ப்பாநெட் வலையமைப்பில் முதல் செய்தி அனுப்பப்பட்டது. அச்செய்தி வாழ்த்துமன்று, கடிதமுமன்று. லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பல்கலைக்கழகத்திலிருந்த ஒரு மாணவர், ஸ்டான்ஃபோர்டு நிலையத்துக் கணிப்பொறிக்குள் நுழைவதற்காக 'லாகின்' என்ற சொல்லைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். 'எல்', 'ஓ' என்ற இரண்டு எழுத்துகள் சென்று சேர்ந்தன. மூன்றாம் எழுத்தில் அங்கிருந்த பொறி நின்றுபோயிற்று. சற்று நேரத்துக்குப் பின்னர் முயற்சி முழுமையாக வெற்றி பெற்றது. கணிப்பொறி வலையமைப்பு தன் முதல் மழலையைப் பேசியதே, தொலைவிலுள்ள பொறியின் கதவைத் தட்டுவதற்காகத்தான் என்பதை நினைக்கும்போது வியப்பு மேலிடுகிறது.

இவ்வாறு நெடுங்காலம் எழுத்துகள் மட்டுமே பயணம் செய்தன. டெல்நெட் என்ற முறை இவ்வகையைச் சார்ந்தது. படங்களும் சாளரங்களும் கொண்ட திரைகள் பரவிய பின்னரே, முழுத் திரையையும் அனுப்பும் தேவை எழுந்தது. 1984இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 'எக்ஸ்' என்ற சாளர அமைப்பு பிறந்தது. ஒரு பொறியில் ஓடும் நிரலின் சாளரத்தை வேறொரு பொறியின் திரையில் வரைய அது வழிசெய்தது. 1998இல் இரண்டு முறைகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் அரங்கிற்கு வந்தன. ஒன்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒலிவெட்டி, ஆரக்கிள் நிறுவனங்களின் ஆய்வுக்கூடத்தில் உருவான வி.என்.சி. மற்றொன்று, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆர்.டி.பி. இவ்விரண்டையும் அறிந்தால் இத்துறையின் அடிப்படை முழுவதும் விளங்கிவிடும்.

அடிப்படைக் கருத்து

மேசைமீதுள்ள ஒரு கணிப்பொறியை எண்ணிப் பாருங்கள். அதில் மூன்று பகுதிகள் உள்ளன. பெட்டிக்குள் இருப்பது சிந்திக்கும் பகுதி. திரை நமக்குக் காட்டும் பகுதி. விசைப்பலகையும் சுட்டியும் நம் சொல்லைக் கேட்கும் பகுதி. திரைக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு கம்பி உண்டு. விசைப்பலகைக்கும் பெட்டிக்கும் இடையே மற்றொரு கம்பி உண்டு. இவ்விரு கம்பிகளும் ஓரிரு முழ நீளமே உள்ளவை.

அக்கம்பிகளை அடுத்த அறை வரை நீட்டுவதாகக் கொள்வோம். பெட்டி இங்கிருக்கும், திரை அங்கிருக்கும். அடுத்த ஊர் வரை நீட்டினால்? அடுத்த நாடு வரை நீட்டினால்? தொலைத்திரை இணைப்பு என்பது இவ்வளவே. உண்மைக் கம்பிக்குப் பதிலாக வலையமைப்பு வந்து நிற்கிறது. திரையின் படம் ஒரு திசையில் வருகிறது. விசையின் அழுத்தமும் சுட்டியின் அசைவும் எதிர்த்திசையில் செல்கின்றன.

இதற்கு இரண்டு நிரல்கள் வேண்டும். தொலைவிலுள்ள கணிப்பொறியில் ஓடி, அதன் திரையைப் படித்து அனுப்புவது சர்வர் எனப்படும். நம் எதிரிலுள்ள பொறியில் ஓடி, வந்த படத்தைக் காட்டுவது வியூவர் எனப்படும். கணக்குப் போடுவது, கோப்பைத் திறப்பது, நிரலை ஓட்டுவது ஆகிய எல்லா வேலைகளும் தொலைவிலேயே நடைபெறுகின்றன. நம்மிடம் வருவது படம் மட்டுமே. இந்த வேறுபாட்டை மனத்தில் நன்கு பதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

இதனால் மாணவர்க்கு ஒரு பெரும் பயன் உண்டு. பழைய கணிப்பொறி ஒன்றே வைத்திருப்பவரும், அதனைச் சாளரமாகக் கொண்டு ஆற்றல் மிக்க பொறியைப் பயன்படுத்தலாம். உழைப்பது அந்தப் பொறி, காட்டுவது மட்டுமே இந்தப் பொறி. மற்றொரு பயனும் தமிழருக்கு உண்டு. வி.என்.சி. முறையில் எழுத்துகள் எழுத்துகளாக வருவதில்லை, படமாகவே வருகின்றன. எனவே நம் எதிரிலுள்ள பொறியில் தமிழ் எழுத்துரு ஒன்றுகூட இல்லாவிட்டாலும், தொலைவிலுள்ள தமிழ்ப் பக்கம் பிழையின்றித் தெரியும்.

ஒரு கணக்கு

"படத்தை அனுப்பினால் முடிந்தது" என்று எளிதாகக் கூறிவிட்டோம். அது உண்மையில் எளிதா என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

இன்று பெருவழக்கிலுள்ள திரையில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 4 பைட்டுகள் எனக் கொண்டால், ஒரு முழுத்திரைக்கு 82,94,400 பைட்டுகள் தேவை. அசைவு இயல்பாகத் தோன்ற, நொடிக்கு 30 படங்கள் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 24,88,32,000 பைட்டுகள் ஆகின்றன. ஒரு பைட்டுக்கு 8 பிட்டுகள். ஆகவே நொடிக்கு ஏறக்குறைய 199 கோடி பிட்டுகள்! நொடிக்கு 10 கோடி பிட்டுகளைச் சுமக்கும் ஆய்வுக்கூடக் கம்பி ஒன்றுக்கு, இது அதன் வலிமையைப் போல் இருபது மடங்குச் சுமையாகும்.

அப்படியானால் இது எங்ஙனம் நடைபெறுகிறது? திரையில் பெரும்பகுதி பெரும்பாலான நேரம் மாறுவதே இல்லை என்ற உண்மையில்தான் விடை அடங்கியுள்ளது. நாம் ஓர் எழுத்தைத் தட்டச்சு செய்தால், அந்த எழுத்து தோன்றும் சிறு கட்டம் மட்டுமே மாறுகிறது. அக்கட்டம் 16 புள்ளி அகலமும் 32 புள்ளி உயரமும் உடையது எனில், 512 புள்ளிகள், 2,048 பைட்டுகள். வி.என்.சி. முறையில் இதற்கு மேலுறையாகச் சேர்வது 16 பைட்டுகள். மொத்தம் 2,064 பைட்டுகள். முழுத்திரையோடு ஒப்பிட்டால் இது நாலாயிரத்தில் ஒரு பங்கே ஆகும். மாறியதை மட்டும் சொல், மாறாததைச் சொல்லாதே என்பதே இக்கலையின் முதல் விதி.

வி.என்.சி. பேசும் மொழி

இரு பொறிகள் தமக்குள் பேசும் மொழியை நெறிமுறை என்பர். வி.என்.சி.யின் நெறிமுறை மிகச் சுருக்கமானது, மாணவர் கற்பதற்கு ஏற்றது. 2011இல் இது இணையப் பொறியாளர்களின் பொது ஆவண வரிசையில் 6143 என்ற எண்ணில் வெளியிடப்பட்டது.

உரையாடலை வியூவரே தொடங்குகிறது. "இன்ன இடத்தில் ஏதேனும் மாறியிருந்தால் அனுப்பு" என்று கேட்கிறது. இவ்வேண்டுகோளின் அளவு 10 பைட்டுகள். சர்வர், மாறிய பகுதிகளை நீள்சதுரங்களாக வெட்டி அனுப்புகிறது. ஒவ்வொரு நீள்சதுரத்துக்கும் முன்னால் அதன் இடம், அகலம், உயரம், எந்த முறையில் சுருக்கப்பட்டுள்ளது என்ற குறிப்பு ஆகியவை 12 பைட்டுகளில் அமையும். பெற்றுக்கொண்ட பின்னரே வியூவர் அடுத்த வேண்டுகோளை விடுக்கிறது. இதிலுள்ள நயம் கவனிக்கத்தக்கது. வலையமைப்பு மெதுவாக இருந்தால் வேண்டுகோளும் மெதுவாகவே செல்லும். இடைப்பட்ட மாற்றங்கள் விடுபட்டு, கடைசி நிலை மட்டும் வந்து சேரும். உண்பவன் கேட்ட பின்னரே பரிமாறுவது போன்றது இது. இலையில் சோறு குவிந்து வழிவதில்லை.

ஒரு சாளரத்தைப் பிடித்து இழுத்து வேறிடத்தில் வைத்தால் என்னவாகும்? 400 புள்ளி அகலமும் 300 புள்ளி உயரமும் உள்ள சாளரம் எனில், புதிதாக அனுப்ப 4,80,000 பைட்டுகள் வேண்டும். ஆனால் அப்படம் முன்பே நம் திரையில் இருக்கிறதல்லவா? "அங்கிருப்பதை எடுத்து இங்கே வை" என்று கூறினால் போதும். இதற்கு 12 பைட்டு முன்குறிப்பும் பழைய இடத்தைக் கூறும் 4 பைட்டுகளும், ஆக 16 பைட்டுகளே போதுமானவை. சாளரம் விலகிய இடத்தில் வெளிப்படும் பகுதியை மட்டும் தனியே அனுப்புவர்.

எதிர்த்திசையில் செல்லும் செய்திகளோ இன்னும் சிறியவை. சுட்டியின் அசைவுக்கு 6 பைட்டுகள்: எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டுள்ளது, குறுக்கில் எங்கே, நெடுக்கில் எங்கே என்பவை அதில் அடங்கும். விசைக்கு 8 பைட்டுகள். விசையை அழுத்தியதும் ஒரு செய்தி, விடுத்ததும் மற்றொரு செய்தி. ஆகவே ஓர் எழுத்தைத் தட்டினால் 16 பைட்டுகள் செல்கின்றன. விரலசைவு மிகச் சிறிய செய்தி, அதன் விளைவாகிய காட்சியோ பெரிய செய்தி என்பது இதனால் விளங்கும்.

இரு முறைகளின் ஒப்பீடு

வி.என்.சி. புள்ளிகளை அனுப்புகிறது. ஆர்.டி.பி. தொடக்கத்தில் வரைபடக் கட்டளைகளை அனுப்பும் முறையாக வளர்ந்தது. "இவ்விடத்தில் ஒரு நீலக் கட்டம் வரை, அவ்விடத்தில் இவ்வெழுத்துகளை இடு" என்பன போன்ற கட்டளைகளைப் பெற்று, எதிரிலுள்ள பொறியே படத்தை வரைந்துகொள்ளும். ஒருமுறை வந்த சிறு படங்களைச் சேமித்து வைத்து மீண்டும் பயன்படுத்தும். பிற்காலப் பதிப்புகளில் திரைப்படத்தைச் சுருக்கும் முறைகளும் இதில் சேர்ந்தன. சுருங்கக் கூறின், ஓவியத்தையே அனுப்புவது ஒரு முறை, ஓவியம் தீட்டும் குறிப்பை அனுப்புவது மற்றொரு முறை.

பயன்பாட்டிலும் ஒரு வேறுபாடு உண்டு. வி.என்.சி.யில் பொதுவாக அங்கே அமர்ந்திருப்பவரும் இங்கே அமர்ந்திருப்பவரும் ஒரே திரையைக் காண்பர். ஆகவே கற்பிப்பதற்கும் உதவி செய்வதற்கும் அது ஏற்றது. மேசைக் கணிப்பொறியில் ஆர்.டி.பி. வழியே நாம் நுழைந்தால், அங்குள்ள திரை பூட்டிக்கொள்ளும். அருகில் நிற்பவர் நம் வேலையைப் பார்க்க இயலாது. ஆகவே தனித்துப் பணி செய்வதற்கு அது ஏற்றது.

முகவரியும் இடைத்தரகரும்

தொலைவிலுள்ள பொறியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு பொறிக்கும் ஐ.பி. முகவரி என்ற எண் உண்டு. ஒரே பொறியில் பல சேவைகள் இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் போர்ட் என்னும் வாயில் எண்ணும் உண்டு. முகவரி தெருவும் வீடும் என்றால், போர்ட் அவ்வீட்டின் அறைக்கதவு எனலாம். வழக்கமாக வி.என்.சி.க்கு 5900, ஆர்.டி.பி.க்கு 3389 என்பவை வாயில் எண்கள்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. பழைய முறை ஐ.பி. முகவரிகள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சமே. உலகிலுள்ள பொறிகளுக்கு இவை போதா. எனவே வீட்டுக்கும் கல்லூரிக்கும் உள்ளே 192.168 அல்லது 10 என்று தொடங்கும் உள்முகவரிகளை வழங்கி, வெளியே ஒரே முகவரியைப் பலர் பங்கிட்டுக்கொள்கின்றனர். உள்ளேயிருந்து வெளியே செல்லலாம். வெளியிலிருந்து உள்ளே வருபவருக்கோ எந்தப் பொறியென்று தெரியாது, ரூட்டர் வாயிலிலேயே நிறுத்திவிடும்.

இதனைத் தீர்க்க இன்றைய தொலை அணுகல் செயலிகள் ஓர் இடைத்தரகரை வைத்துள்ளன. நம் பொறியும் வெளியே சென்று தரகு சர்வருடன் பேசுகிறது. உதவ வருபவரின் பொறியும் வெளியே சென்று அதே சர்வருடன் பேசுகிறது. இருவரையும் அது இணைத்து வைக்கிறது. நம் பொறியை அடையாளம் காண அது தரும் பெயர்தான் திரையில் தோன்றும் இலக்க எண். அந்த எண்ணைப் பிறருக்குச் சொல்லி, அனுமதி என்ற பொத்தானையும் அழுத்தினால், வீட்டுக் கதவை நாமே திறந்து "உள்ளே வாருங்கள்" என்று அழைத்ததாகவே பொருள்.

தாமதம்

கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 10,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொறிக்கு நம் விசையழுத்தம் சென்று சேர ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கும், விடை வரப் பின்னும் அதே அளவும் ஆகும். ஆகப் பத்தில் ஒரு பங்கு நொடி. எவ்வளவு பணம் செலவிட்டாலும் இதனைக் குறைக்க இயலாது. பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்திலுள்ள நிலைச் செயற்கைக்கோள் வழியே சென்றாலோ, போய் வர ஏறக்குறைய அரை நொடி ஆகிவிடும். எழுத்தைத் தட்டிவிட்டு அது தோன்றுமா என்று காத்திருக்க நேரும். அகலமான சாலை வேறு, குறுகிய தூரம் வேறு. வலையமைப்பின் கொள்ளளவைப் பெருக்கினால் படம் தெளிவாகும், ஆனால் தூரம் குறைந்துவிடாது.

நாமே செய்து பார்க்கலாம்

பேராசிரியரின் அனுமதி பெற்று, ஆய்வுக்கூடத்தில் ஒரே வலையமைப்பிலுள்ள இரண்டு கணிப்பொறிகளில் இதனைச் செய்து பார்க்கலாம்.

முதலாவதாக, விண்டோஸ் 11 ப்ரோ பதிப்புள்ள பொறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹோம் பதிப்பிலிருந்து பிற பொறிக்குச் செல்லலாமேயன்றி, அதற்குள் பிறர் இம்முறையில் வர இயலாது. இரண்டாவதாக, செட்டிங்ஸ் பகுதியில் சிஸ்டம், அதனுள் ரிமோட் டெஸ்க்டாப் என்பதைத் திறந்து இயக்க நிலையில் வைக்க வேண்டும். மூன்றாவதாக, அப்பொறியின் பயனர் கணக்குக்குக் கடவுச்சொல் இருத்தல் வேண்டும். கடவுச்சொல் இல்லாத கணக்கை வலையமைப்பு வழியே விண்டோஸ் இயல்பாக ஏற்பதில்லை. நான்காவதாக, கட்டளைச் சாளரத்தில் 'ஐபிகான்ஃபிக்' என்ற கட்டளையை இட்டு, ஐ.பி. முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி இரண்டாவது பொறிக்குச் சென்று, ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் என்ற நிரலைத் திறந்து அம்முகவரியை இட வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்ததும் முதற்பொறியின் மேசைத்திரை இங்கே விரியும். அதே வேளையில் ஒரு நண்பர் முதற்பொறியின் திரையைக் கவனித்தால், அது பூட்டிக்கொள்வதைக் காண்பார். பின்னர் இணைப்பைத் துண்டித்து, மீண்டும் இணைந்து பார்க்க வேண்டும். திறந்து வைத்த கோப்பும் பாதியில் விட்ட வாக்கியமும் அப்படியே இருக்கும். வேலை நம்மிடம் இல்லை, அங்கே உள்ளது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. சோதனை முடிந்ததும் அவ்வமைப்பை மறவாமல் நிறுத்திவிட வேண்டும்.

மூவகைத் தீங்குகள்

நெடுந்தூரம் நீண்ட கம்பியை இடையில் எவரும் தொடலாம். முதல் தீங்கு ஒட்டுக்கேட்டல். டெல்நெட் முறையில் கடவுச்சொல் உட்பட அனைத்தும் திறந்த அஞ்சலட்டை போலச் சென்றன. ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதைக் கண்ட டட்டு யுலோனென் என்பவர், 1995இல் எஸ்.எஸ்.எச். என்ற மறையாக்க முறையைப் படைத்தார். பழைய வி.என்.சி. முறையும் தானே மறையாக்கம் செய்வதன்று. அதன் கடவுச்சொல்லில் முதல் எட்டு எழுத்துகளே கணக்கில் கொள்ளப்படும். ஆகவே அதனை எஸ்.எஸ்.எச். அல்லது வி.பி.என். என்னும் மூடிய குழாயினுள் செலுத்துவதே முறை.

இரண்டாம் தீங்கு கதவை உடைத்தல். 3389 என்ற வாயிலை இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்தால், கடவுச்சொல்லை ஓயாது ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் வந்து மோதும். சிலவேளை பூட்டிலேயே குறை இருக்கும். 2019 மே மாதம் வெளிப்பட்ட ப்ளூகீப் என்ற குறைபாடு, பழைய விண்டோஸ் பொறிகளில் கடவுச்சொல்லே இன்றித் தொலைவிலிருந்து நுழைய வழிவிட்டது. 2014இலேயே ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பி பதிப்புக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட நேர்ந்தது என்பதிலிருந்து இதன் கடுமை விளங்கும். வாயிலை இணையத்துக்குத் திறவாமை, திருத்தங்களை உடனுக்குடன் இடுதல், நீண்ட கடவுச்சொல், இரண்டாம் நிலைச் சரிபார்ப்பு ஆகியவை இதற்கு மருந்து.

மூன்றாம் தீங்கு எல்லாவற்றினும் கொடியது. அது கதவை உடைப்பதில்லை, திறக்கச் சொல்கிறது. மறையாக்கம் எவ்வளவு வலிமையாயினும், உரிமையாளரே அழைத்த ஒருவனை அது தடுக்காது. ஏன், கள்வனின் பேச்சையும் அது பத்திரமாகவே கொண்டு சேர்க்கும்! 2019 பிப்ரவரியில் இந்திய ரிசர்வ் வங்கி, இத்தகைய தொலை அணுகல் செயலி வழியே நடைபெறும் மோசடி குறித்து வங்கிகளை எச்சரித்தது. கருவியைக் குறை கூறுவதில் பொருளில்லை. அதே கருவியைக் கொண்டுதான் ஊரடங்குக் காலமான 2020இல் எத்தனையோ பேர் வீட்டிலிருந்தே அலுவலகப் பணியைச் செய்தனர். அரிவாள்மனை காய் நறுக்கவும் உதவும், விரலையும் வெட்டும்.

முடிவுரை

இப்போது ஆசிரியர் ஐயாவின் கேள்விக்குத் திரும்புவோம். "எண்ணை எவரிடமும் சொல்லவில்லையே" என்றார். உண்மைதான். அவர் சொல்லவில்லை. ஆனால் பத்து ரூபாய் கட்டுவதற்காக வங்கி அட்டையின் எண்ணை அவர் தட்டச்சு செய்தபோது, அத்திரை அப்படியே கள்வனின் எதிரில் விரிந்திருந்தது. அவ்வட்டையைக் கொண்டு அவன் பெருந்தொகை எடுக்க முற்பட்டபோது ஓ.டி.பி. எண் குறுஞ்செய்தியாக ஐயாவின் கைப்பேசிக்கே வந்தது. அதுவும் திரையில் தோன்றியது. அவன் படித்துக்கொண்டான். கைப்பேசி ஐயாவின் கையில்தான் இருந்தது. கையில் இருந்தது பொறி, களவு போனதோ திரை. கைப்பேசியும் ஒரு கணிப்பொறியே. தொலைத்திரையில் ஆபத்து விளைய, கள்வன் எதையும் இயக்க வேண்டுமென்பதில்லை. பார்த்தாலே போதும்.

இதனை நான் ஒரு தாளில் இரண்டு கட்டங்களும் ஒரு கோடும் வரைந்து விளக்கினேன். அவர் சிறிது நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஏமாளி என்று எல்லாரும் சொன்னார்கள். ஒருவரும் இப்படிப் படம் போட்டுக் காட்டவில்லை, தம்பி" என்றார். பணம் போன துயரத்தைவிட, தமக்கு ஒன்றும் புரியவில்லையே என்ற அவமானம்தான் அவரை வாட்டியிருந்தது என்பதை அன்று உணர்ந்தேன்.

மறுவாரம் அவர் ஓய்வூதியர் நண்பர்கள் நால்வரைத் தம் வீட்டுத் திண்ணைக்கு அழைத்தார். கையில் அதே தாள். அவர் சொல்லிக் கொடுத்த பாடம் மூன்றே வரிகள். அறியாதவன் சொல்லி எந்தச் செயலியையும் பதிவிறக்காதே. திரையில் தோன்றும் எண்ணை எவனுக்கும் படித்துக் காட்டாதே. தவறிவிட்டால் இணையத் தொடர்பை உடனே துண்டித்து, வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தாமதமின்றித் தெரிவி.

நண்பர்களே, நாம் வகுப்பறையில் கற்கும் நெறிமுறையும் போர்ட் எண்ணும் தேர்வுத்தாளோடு முடிந்துவிடக் கூடாது. நம் ஒவ்வொருவர் தெருவிலும் இப்படிக் கேட்பதற்கு ஒருவர் காத்திருக்கிறார். இம்முறை விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது, ஒரு தாளில் இரண்டு கட்டங்களும் ஒரு கோடும் வரைந்து அவருக்குக் காட்டுவோமாக.